இருபத்தைந்துக்குக் கீழே

ஆகஸ்ட் 5, திங்கள்

வந்துவிட்டது. மருந்துக் கிடங்குக்கு நான் எழுதிய ஒன்பது கடிதங்களும் வீண் போகவில்லை. புது மாத்திரை நாற்பது பெட்டி இன்று காலை எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியது. சிஸ்டர் எமல்டா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி பாத்துட்டே இருக்காதீங்க டாக்டர், பிரிங்க" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாக இந்த ஊருக்கு ஒரே சிறுநீரக டாக்டர் நான். திங்கள்தோறும் நூறு பேர் வருவார்கள், ரத்தம் கொடுப்பார்கள், மத்தியானம் கிரியாட்டினின் எண் வரும். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. எண் ஏறினால் சிறுநீரகம் சோர்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். உப்பைக் குறையுங்கள், வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கறியைத் தொடாதீர்கள் என்று அதே பாட்டைப் பாடி அனுப்பிவைப்பேன். அதைத் தவிரக் கையில் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை, இன்றுவரை.

சாப்பிடும்போது சிராஜைப் பிடித்து உட்காரவைத்து, இந்த மாத்திரையைச் சோதித்த ஆய்வை விளக்கினேன். கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கட்டிக்கொண்டதில் இது ஒரு வசதி. நாலாயிரம் நோயாளிகள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. இரண்டரை வருஷம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களில் டயாலிசிஸுக்குப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"சரி, சோறு ஆறுது" என்றார் சிராஜ்.

ஆகஸ்ட் 7, புதன்

பட்டியல் தயார். பத்தொன்பது பேர். ஆய்வில் சேர்த்தவர்களுக்கு ஒரு கோடு வைத்திருந்தார்கள்: சிறுநீரகம் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காவது வேலை செய்ய வேண்டும். அதற்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. என் பத்தொன்பது பேரும் கோட்டுக்கு மேலே. எவ்வளவு ஒழுங்கான டாக்டர் நான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சென்னியப்பன் வந்தார். வயது நாற்பத்தாறு, லாரி டிரைவர். முதுகுவலிக்கு வழியெல்லாம் வலி மாத்திரை போட்டே சிறுநீரகத்தைத் தொலைத்தவர். கிரியாட்டினின் 5.4. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் வேலை செய்கிறது.

செப்டம்பர் 25-ஆம் தேதி அவருக்கு இடது கையில் ஆபரேஷன் குறித்திருக்கிறது. ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்துவிட்டால், ஆறு வாரத்தில் அந்த இடம் தடித்து, டயாலிசிஸ் ஊசி ஏற்றத் தயாராகும். முன்கூட்டிச் செய்யாவிட்டால், ஆபத்து நேரத்தில் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். கிருமி தொற்றினால் உயிருக்கே வினை.

"எடது கைதானுங்களே கியர் போடற கை" என்றார் சென்னியப்பன்.

"கியர் போட்டுட்டு எங்க போறதா உத்தேசம்? வாரத்துல மூணு நாளு இங்கதான் வந்து கெடக்கோணும்" என்றாள் அவர் மனைவி கோகிலாமணி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்த்து, "எல்லாத்துக்கும் புது மாத்தர குடுக்கறீங்களாமா. எனக்கு மட்டும் இல்லீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக அஸ்ஸாம் வரைக்கும் லாரி ஓட்டிய மனிதர், மிட்டாய் கிடைக்காத பிள்ளைபோலக் கேட்டார்.

பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் சுவரா எழுப்பியிருக்கிறது? ஆய்வு செய்தவர்கள் பார்க்கவில்லை என்பதால் வேலை செய்யாது என்று ஆகிவிடுமா? எழுதிக்கொடுத்துவிட்டேன். அவரைப் போலவே கோட்டுக்குக் கீழே இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்தேன். மொத்தம் இருபத்திரண்டு.

கோட்டைப் பற்றி அவரிடம் சொல்ல நேரமில்லை. வெளியே அவ்வளவு கூட்டம்.

செப்டம்பர் 9, திங்கள்

முதல் மாத முடிவு. பெரும்பாலானவர்களுக்கு எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆய்விலும் அப்படித்தான்: முதலில் லேசாக ஏறும், அப்புறம் வருஷக்கணக்கில் நிதானமாகும். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் முகம் தொங்கிவிட்டது. சென்னியப்பன் 5.5.

வாஷிங் மெஷினில் சிராஜின் பள்ளிக்கூடச் சாக்பீஸ் ஒன்று கிடந்து, துணியெல்லாம் திட்டுத்திட்டாக வெளுப்பு. சத்தம் போட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சிராஜ் கறிக்கடைக்குப் போய்ப் பத்தே நிமிஷத்தில் திரும்பினார். வாயெல்லாம் பல். "கடையில ஈ காக்கா இல்ல மெஹர். நல்லி எலும்பாப் பொறுக்கிக் குடுத்தான். ஈரல் கேக்காமயே போட்டான்."

குழம்பு பிரமாதம். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு மாலைவரை தூங்கினோம்.

செப்டம்பர் 23, திங்கள்

இறங்கியிருக்கிறது. இன்று வந்த பதினான்கு பேரில் பன்னிரண்டு பேருக்கு இறங்கியிருக்கிறது. 3.1 இருந்தவருக்கு 2.7. நாலே கால் இருந்த அம்மாவுக்கு 3.7. சென்னியப்பனுக்கு 5.5-இலிருந்து 4.8.

பரிசோதனைச் சீட்டுகளை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்துக்கொண்டு எமல்டாவைக் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆய்வுல ஏறும்னுதான சொன்னீங்க டாக்டர்?"

"அது அவங்களுக்கு. நம்ம ஆளுங்களுக்கு இன்னும் நல்லா வேலை செய்யுது."

இப்படிச் சொல்லும்போதே உடம்பு சிலிர்த்தது. நாலாயிரம் பேரில் தெரியாத ஒன்று என் இருபத்திரண்டு பேரில் தெரிகிறதோ? இதுவரை யாரும் கவனிக்காததோ? வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன் என்பதால் சென்னியப்பனை இன்று அட்மிட் செய்ய வேண்டும். வந்தார். நெற்றியில் நாமம், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கோகிலாமணி கோயில் துளசியை என் மேசையில் வைத்தாள்.

"கொறஞ்சிருச்சுங்களாமே" என்றார்.

"குறைஞ்சிருக்கு."

"அப்ப கைய இப்பவே கிழிக்கோணுங்களா? ஆயுத பூச முடிச்சு ஒரு நடை நாக்பூர் போயிட்டு வந்தர்றனுங்க. லாரி ரெண்டு மாசமா நிக்குது, டயரெல்லாம் வீணாப் போகுது. கொறையற எண்ணு இன்னுங் கொறஞ்சா ஆபரேசனே வேண்டாமல்லங்க?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். 4.8 என்ற எண்ணைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு பேர் முகத்துக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, எனக்கும் அது உண்மையாக வேண்டும் என்று இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்தேன்.

கோகிலாமணி அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 7, திங்கள்

இருபத்திரண்டில் இருபது பேருக்கு இறங்கிவிட்டது. கோயம்புத்தூரில் நவம்பர் 17-ஆம் தேதி சிறுநீரக டாக்டர்கள் கூட்டம். பேசுவதாக எழுதி அனுப்பிவிட்டேன். தலைப்பு: "ஆய்வை மிஞ்சிய பலன்: ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் அனுபவம்". சிராஜ் படித்துவிட்டு, "மிஞ்சிய கொஞ்சம் ஓவரா இல்ல?" என்றார். பொறாமை.

அக்டோபர் 11, வெள்ளி

சென்னியப்பன் போனில் படம் அனுப்பியிருக்கிறார். லாரிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, முன்னால் அவர் கைகட்டி நிற்கிறார். நாளைக் காலை கிளம்புகிறாராம். நாக்பூரில் இறக்கிவிட்டு, லோடு கிடைத்தால் ராய்ப்பூர். கூட ஒரு டிரைவர் உண்டு. படத்தைப் பத்து தடவை பார்த்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் போன சிராஜ் பத்தரைக்கு வெறுங்கையோடு வந்தார். கறிக்கடையில் தெருமுனைவரை வரிசையாம். ஊரே காய்ந்துபோய் வந்து நிற்கிறதாம். முட்டைக் குழம்பு வைத்தேன். எரிச்சல்.

அக்டோபர் 21, திங்கள்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மாற்றி எழுதிவிடுவேன்.

மத்தியானம் எண்கள் வந்தன. எல்லாம் ஏறியிருந்தன. 2.7 ஆனவருக்கு 3.2. 3.7 ஆன அம்மாவுக்கு 4.4. லேப்புக்கு ஓடினேன். மெஷின் கெட்டுவிட்டதா, பரிசோதனை மருந்தை மாற்றினீர்களா என்று கத்தினேன். அவர்கள் எட்டுப் பேர் ரத்தத்தை மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். அதே எண்கள்.

அப்போதுதான், நான்கு வாரத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மாத்திரை சாப்பிடாத என் பழைய நோயாளிகளின் ரிஜிஸ்டரை எடுத்தேன். அவர்களுக்கும் செப்டம்பர் கடைசியில் இறங்கியிருந்தது. அவர்களுக்கும் இன்று ஏறியிருந்தது. மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

அப்படியென்றால் மாத்திரை இல்லை. வேறு என்ன? ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு நடுவில் நின்றேன். எமல்டா டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நேத்து கறி வாங்க முடிஞ்சுதா டாக்டர்? எங்க தெருவுல அடிதடி. புரட்டாசி முடிஞ்சு முதல் ஞாயிறுல்ல."

அவள் வாயை மூடும் முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. புரட்டாசி. பெருமாள் மாதம். ஊரில் முக்கால்வாசிப் பேர் கறியைத் தொடாத மாதம். வெந்த கறியிலேயே கிரியாட்டினின் உண்டு. தின்றால் ரத்தத்தில் ஏறும். நல்ல சிறுநீரகம் சீக்கிரம் தள்ளிவிடும், சோர்ந்துபோனது தள்ள முடியாமல் வைத்துக்கொண்டிருக்கும். படிக்கும்போதே படித்த பாடம்.

ஆனால் என் ரிஜிஸ்டரில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் 'அசைவம்: இல்லை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறதே.

ஹாலுக்குப் போனேன். எண்பது பேர் இருப்பார்கள். "நேத்து யாரெல்லாம் கறி சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். ஒரு கை எழவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எமல்டா எனக்கு முன்னால் வந்து நின்று, "அம்மா இன்னிக்குத் திட்ட மாட்டாங்க. நான் கியாரண்டி" என்றாள். மூலையில் ஒரு கை. அப்புறம் இரண்டு. அப்புறம் சடசடவென்று ஹால் முழுக்கக் கைகள்.

"ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க."

"காலைல இட்லிக்கும் அந்தக் கொழம்புதானுங்களே. மிச்சமிருந்துச்சு."

"எப்பக் கேட்டாலும் இல்லைனுதான சொன்னீங்க?" என்றேன்.

"நீங்க அந்த மொகத்தோட கேட்டா வேற என்னங்க சொல்றது?" என்றார் ஒரு பெரியவர். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிட ஒரு கிளர்ச்சியும் இருந்தது, பூட்டுக்குச் சாவி பொருந்தின மாதிரி. திங்கட்கிழமை ரத்தம் எடுக்கும் வழக்கத்தை வைத்ததே நான்தான்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சென்னியப்பன் ஞாபகம் வந்தார்.

அவர் போன் அணைந்திருக்கிறது. கோகிலாமணிக்குப் போட்டேன். ராய்ப்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். "நல்லா இருக்கறாருங்க டாக்டரம்மா. காலுதான் கொஞ்சம் வீக்கமாம்."

அக்டோபர் 22, செவ்வாய்

காலையிலிருந்து முப்பத்தோரு தடவை போன் போட்டேன். மூன்று மணிக்கு எடுத்தார். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது.

"லாரியைக் கூட இருக்கறவர்கிட்ட விட்டுட்டு உடனே ரயில் ஏறுங்க."

"எண்ணுதான் கொறஞ்சிருச்சேங்க?"

"குறையலை. நான் தப்பாப் பாத்துட்டேன். வாங்க."

"வர்றனுங்க" என்றார்.

அக்டோபர் 24, வியாழன்

ரயில் இன்னும் வரவில்லை. எனக்கு வேலை எதுவும் ஓடவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

சென்னியப்பனை ஸ்டேஷனிலிருந்து நேரே தூக்கிக்கொண்டு வந்தோம். கிரியாட்டினின் 7.1. பொட்டாசியம் 6.6, இதயம் எந்த நிமிஷமும் நின்றிருக்கலாம். கழுத்தில் குழாய் போட்டேன். என் கையாலேயே போட்டேன். நான்கு மணி நேர டயாலிசிஸ் முழுக்கப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். முடியும்போது பொட்டாசியம் இறங்கியிருந்தது, மூச்சும் சீராகியிருந்தது. பிழைத்துக்கொண்டார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 26, சனி

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். புரட்டாசிக் கதையைச் சொன்னேன், மாத்திரை ஆய்வைப் பற்றியும் சொன்னேன். சிரிக்கப் போய்க் கழுத்துக் குழாய் இழுத்து, முகம் சுளித்தார்.

"ஞாயித்துக்கெழமயானா தின்போட்டுத்தானுங்க வருவேன். மறச்சது என்ற தப்புதான்." பிறகு கேட்டார்: "அந்த நாலாயிரம் பேத்துக்கு மாத்தர குடுத்துப் பாத்தாங்கன்னு சொன்னீங்களே. அதுல என்னையாட்ட, பன்னெண்டுல இருந்த ஆளுக எத்தன பேருங்க?"

"ஒருத்தரும் இல்லை."

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். கோகிலாமணி தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "சொல்லியிருந்தீங்கன்னா அப்பவும் கேட்டிருப்பனுங்க, மாத்தர குடுங்கன்னு. ஆனா கையக் கிழிச்சுக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

நாலரை வாரம். செப்டம்பர் 25-இல் செய்திருந்தால் இந்நேரம் அவர் கை கிட்டத்தட்டத் தயார். அந்த நாலரை வாரத்தை எடுத்தது நான்.

அக்டோபர் 30, புதன்

ஆபரேஷன் முடிந்தது. இடது கைதான். வெளியே பட்டாசுச் சத்தம்.

நவம்பர் 17, ஞாயிறு, கோயம்புத்தூர்

தலைப்பை மாற்றிப் பேசினேன்: "புரட்டாசி மாதம் கிரியாட்டினின் ஏன் இறங்குகிறது". ஹாலில் முதலில் சிரிப்பு, பிறகு கேள்விமேல் கேள்வி. மாத்திரைமேல் குற்றமில்லை என்றேன். கோட்டுக்கு மேலே இருக்கிற பத்தொன்பது பேருக்குத் தொடர்கிறேன், கீழே இருந்த மூன்று பேருக்கு நிறுத்திவிட்டேன். இரண்டரை வருஷம் காத்திருந்து கேட்க வேண்டிய கேள்வியை ஆறு வாரத்தில் கேட்டு, எனக்குப் பிடித்த பதிலை நானே சொல்லிக்கொண்டேன் என்றேன். டீ குடிக்கும்போது மூன்று டாக்டர்கள் தனித்தனியாக வந்து, தங்கள் செப்டம்பர் எண்களையும் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். பேருந்தில் திரும்பும்போது தூக்கமே வரவில்லை. அடுத்த வருஷம் இரண்டு ரிஜிஸ்டரையும் சேர்த்து ஒழுங்காக ஒரு ஆய்வு செய்ய வேண்டும். இப்போதே மனதில் கட்டம் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

கழுத்துக் குழாயை எடுத்தாயிற்று. சென்னியப்பனின் கையில் முதல் ஊசி ஏறியது. தோலுக்கு மேலே விரல் வைத்தால் ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரிகிறது. எமல்டா, நான், கோகிலாமணி, மூன்று பேரும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தோம். "என்ற கைதானுங்க, விட்றுங்க" என்றார்.

ரத்தம் எடுக்கும் நாளை வியாழனுக்கு மாற்றிவிட்டேன். புதன்கிழமை கறி கூடாது என்று போர்டு. யாரையும் அந்த முகத்தோடு கேட்பதில்லை.

டிசம்பர் 19, வியாழன்

தாரணி என்று ஒரு பெண், இருபத்தாறு வயது, விசைத்தறிக் கம்பெனியில் வேலை. சிறுநீரில் புரதம் போகிறது. சிறுநீரகம் நூற்றுக்கு அறுபது. கோட்டுக்கு எவ்வளவோ மேலே. இந்த மாத்திரை இவளுக்காகவே செய்ததுபோல இருந்தது. சந்தோஷமாக எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டவள் எழுந்திருக்கவில்லை.

"மேடம், இந்த மாத்தரய ஆராய்ச்சி பண்ணுனாங்களாமா. அதுல என்னையாட்ட ஆளுக இருந்தாங்களாங்க?"

பதினோரு வருஷத்தில், மாத்திரைச் சீட்டை வாங்கும்போதே ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. எமல்டா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உன்னை யார் இப்படிக் கேக்கச் சொன்னது?"

"வெளிய பெஞ்சுல ஒரு லாரிக்காரருங்க. டயாலிசிஸுக்கு வந்தவரு. உள்ள போற எல்லாத்துகிட்டயும் சொல்லி அனுப்பிட்டு இருக்கறாரு."

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. ஆய்வுக் கட்டுரையை எடுத்து அவள் முன்னாலேயே பிரித்தேன். "உன்னையாட்டனா எப்படி? சொல்லு" என்றேன்.

துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.

"கல்யாணமாகி ஒன்றர வருசங்க. கொழந்தைக்குப் பாத்துட்டு இருக்கறோம்."

நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. யாரைச் சேர்க்கவில்லை என்ற பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே போனேன். ஆறாவது வரியில் இருந்தது: கருத்தரிக்க விரும்பும் பெண்கள்.

"இல்லை தாரணி, உன்னை மாதிரி யாரும் இல்லை" என்று சொல்லி, அவள் கையிலிருந்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.